ஃபோம் போடாத கால்

யுத்தம் முடிந்த வருஷம் நான் மட்டக்களப்பில், செயற்கைக் கால் செய்யும் பட்டறையொன்றில் டெக்னீஷியன். ஒருநாள் நான் செய்து கொடுத்த கால் ஒன்று உரப்பையில் திரும்பி வந்தது. பாதத்தின் அடியில் ஒரு கீறல்கூட இல்லை. தாயோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்த பனிச்சங்கேணி வசந்தி அதைப் போட்டு நடக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே இருக்கும் உலோகக் குழாய் தெரியாமல் மேலே ஃபோம் சுற்றி, அவளுடைய மற்றக் காலின் நிறத்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"காலை நுழைக்கிற சொக்கெட் கடிக்குதா புள்ள?"

"இல்ல அண்ணன். இந்த ஃபோமைக் கழட்டி விடுங்க. குழாய் தெரியட்டும்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறைத்துத் தரச்சொல்லி அழுதவர்களைத்தான் அதுவரை கண்டிருந்தேன்.

வசந்தி பையிலிருந்து ஆங்கில நாவல் ஒன்றை எடுத்தாள். சுனாமி முகாமுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் கிடந்ததாம். மனிதர்கள் கம்ப்யூட்டர் வலைக்குள் புகுந்து திரிகிற கதை. இணையத்தை நாங்கள் காணுமுன்பே எழுதியதாம். பிறகு வந்த எத்தனையோ படங்கள் இதைப் பார்த்து எடுத்தவைதானாம்.

"இதில ஒருத்தனுக்கு மெஷின் கை. மணிக்கூடு கட்டியிருக்கான் எண்ட மாதிரிச் சொல்லிட்டுக் கதை போயிடும். கை எப்பிடிப் போச்சு எண்டு விளக்கமில்ல. பாவம் எண்டு ஒரு சொல்லும் இல்ல. நீங்க செய்த காலப் பாத்தா சனத்துக்கு முதல்ல சந்தேகம், பிறகு பாவம். குழாயப் பாத்தா ஒரேயடியா விளங்கிடும். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில வேலைக்குச் சேரணும். இதோட போகமாட்டன்."

தாய் பக்கத்திலிருந்து அழுதார். "குழாயக் காட்டிட்டுத் திரிஞ்சா என்ட புள்ளய ஆர் கட்டுவான் தம்பி?"

பட்டறைப் பொறுப்பாளர் உள்ளேயிருந்து கத்தினார். "வேலைய அரைகுறையா விட்டிருக்கு எண்டு காசு தந்தவங்க கேட்டா நான் என்ன சொல்லுற?"

மூன்று பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் பெரிய தலையிடி. ஆனால் உரப்பைக்குள் கிடக்கிற கால் ஒரு காலா? கத்தியை எடுத்தேன். என் வேலையை நானே வெட்டி எறிய நெஞ்சு பொறுக்கவில்லை; ஆனாலும் ஃபோமை வெட்டி எடுத்தேன். வசந்தி குழாய் மினுங்க வாவிக்கரை வீதியில் பஸ்ஸுக்கு நடந்தாள். பார்த்தவர்களை அவளும் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த நாவலை இரவல் வாங்கி வாசித்தேன். இரண்டாம் பக்கம் தாண்டவில்லை.

சில மாதம் கழித்துச் சித்தாண்டி வயற்காரர் ஒருவர் வந்து, "அந்த டீச்சர்ர கால் மாதிரி மூடாமத் தாங்க தம்பி" என்றார். அதே வாரம் ஒரு பெண் வந்தார். அவரும் வசந்தியைக் கண்டவர்தான். "அப்பிடி வேணாம். நகம்கூட வச்சுத் தாங்க" என்றார். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, ஃபோமைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: "மூடுறதா, விடுறதா?" அதைக் கேட்டதுமே சிலர் அழுதார்கள். கால் போன நாளிலிருந்து அவர்களிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.