பிலோமி சிஸ்டரின் ஒரு கைச் சமையல்

டெல்லி முனீர்க்காவில் எங்கள் பிளாட்டுக்கு நேர் மேலே குடியிருப்பவர் பிலோமி. தூத்துக்குடிக்காரர். இங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர். பத்து வருஷமாக ஒருவர் வீட்டுக் குழம்பை மற்றவர் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டு வருகிறோம்.

போன வருஷம் மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடையும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இடது கை மட்டும் திரும்பவில்லை. கொஞ்சம் தூக்கலாம், ஆனால் எதையும் பிடிக்காது. அதைவிட மோசம், அதில் உணர்ச்சி கிடையாது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது.

கணவர் எலியேசர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் வினோலியா கல்யாணமாகி டெல்லியிலேயே துவாரகா பகுதியில் இருக்கிறாள். தன்னோடு வந்துவிடச் சொல்லி அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் போகவில்லை. சமையலுக்கு ஆள் வைக்கவும் சம்மதிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் பிடிவாதம் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் கீரை கொடுக்க மேலே போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சிஸ்டர் அடுக்களைத் தரையில், அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெங்காயம் அரிய உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரமாக அப்படியே இருக்கிறார். அதை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் பார்த்தது அவர் சேலையை. மடியெல்லாம் ரத்தம்.

“டீச்சர், இது எங்கேர்ந்து வந்த ரத்தம்?” என்று என்னிடம் கேட்டார்.

இடது உள்ளங்கை ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது அரிவாள்மணையில் பட்டிருக்க வேண்டும். அவருக்கு அது தெரியவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வினோலியாவுக்குப் போன் போட்டவள் நான்தான்.

அவள் அன்றைக்கே வந்தாள். “மம்மி, போதும். பேக் பண்ணுங்க. எங்க வீட்டுல குக் வர்றா, ரூம் ரெடி.”

“அங்க வந்து நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். அதுதானே பாயிண்ட்.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றார் சிஸ்டர்.

இரண்டு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் வினோலியா ஒரு நிபந்தனை போட்டாள். அவள் ஆபீஸில் இப்படித்தான் காரியம் நடக்கும் போலிருக்கிறது. பிப்ரவரி கடைசி ஞாயிறு வருவாள். சிஸ்டர் தனியாக, அவள் கண்ணெதிரே, சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் ஒரு பொரியலும் சமைக்க வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. ஒரு சொட்டு ரத்தம் வரக் கூடாது. முடிந்தால் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் அன்று சாயங்காலமே துவாரகா.

“அந்த அருவாமனையை என்ன பண்ணீங்க?” என்று போகும்போது கேட்டாள்.

“தூக்கிப் போட்டுட்டேன்” என்றார் சிஸ்டர்.

மின்சாரக் குக்கரில் சோறு வடிக்காமலே ஆகிவிடும். மீனைக் கடையிலேயே துண்டு போட்டுத் தருவார்கள், தேங்காயையும் உடைத்துத் தருவார்கள். மிக்ஸியை ஒரு கையால் அமுக்கிக்கொள்ளலாம். பாக்கி இருந்தது காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் துருவிய தேங்காயே பாக்கெட்டில் உறைய வைத்துக் கிடைக்கிறதே என்றேன். அதில் குழம்பு வைத்தால் ஐஸ் பெட்டி வாசம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் புதன்கிழமை தெருவோரச் சந்தை கூடும். புத் பஜார் என்பார்கள். அங்கே தர்மன் என்பவர் சமையலறைச் சாமான் விற்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். டெல்லியிலேயே, மதன்கீரில் பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பது ரூபாயிலிருந்து இருநூறு வரைக்கும் எல்லாம் பிளாஸ்டிக்கும் தகரமும். எனக்கு இந்தச் சாமான்களில் நம்பிக்கை கிடையாது. என் வீட்டில் தோல் சீவுகிற கத்தி ஆறு இருக்கிறது, ஆறும் விரலைத்தான் சீவும். ஆனாலும் பை தூக்க ஆள் வேண்டுமே என்று சிஸ்டர் கூடப் போனேன்.

தர்மன் கயிறு இழுக்கிற சாப்பரை எடுத்தார். “தேக்கோ, பாருங்க ஆண்ட்டி, ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, வெங்காயம் கதம்.”

“நல்லாருக்கு. இடது கைய பேண்ட் பைக்குள்ள போட்டுக்கிட்டு இழுங்க, பாப்போம்” என்றார் சிஸ்டர்.

தர்மன் சிரித்தார். அப்புறம் சிஸ்டரின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கயிற்றை இழுத்தார். கிண்ணமும் கூடவே வந்தது. தோல் சீவியை எடுத்தார், கேரட் மேஜையை விட்டு ஓடியது. கைப்பிடி சுற்றுகிற தேங்காய்த் துருவியை எடுத்தார். ஒரு கை சுற்றினால் தேங்காயைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. அரை மணி நேரத்தில் கடையில் பாதிச் சாமான் தோற்றுப்போனது. இத்தனை வருஷமாக இதை விற்கிறவருக்கே அது புதுச் செய்தி.

மேலே உள்ளங்கையால் குத்தினால் கீழே காய் துண்டாகிற ஒரு டப்பா தேறியது. அதை அசையாமல் வைக்கப் புள்ளி புள்ளியாக ரப்பர் வைத்த ஒரு விரிப்பு தேறியது. கடைசியில் தர்மன் மேஜைக்கு அடியில் குனிந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். நிமிர்ந்து நிற்கிற பல் வைத்த துருவல் நாக்கு, அடியில் ஒட்டிப் பிடிக்க ஒரு ரப்பர் கிண்ணம்.

“இது பிக்தா நஹீ ஆண்ட்டி. யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. நான் மறந்தே போயிட்டேன்.”

மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பலகையில் அதை அமுக்கினார். ஒரு கையால் தேங்காய் மூடியை அதன்மேல் கவிழ்த்துத் தேய்த்தார். பூவாக விழுந்தது. சிஸ்டர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

வீட்டில் வந்து சமையல் மேடையில் வைத்தால் ஒட்டவில்லை. எங்கள் பிளாட்டுகள் பழசு, மேடை மொசைக். நாற்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். தண்ணீர் தொட்டு வைத்தோம், ஈரத் துணி போட்டோம், ஒன்றுக்கும் மசியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். சிஸ்டர் அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் என்னை மேலே கூப்பிட்டார். துருவி மேடைமேல் நின்றுகொண்டிருந்தது.

“பிடுங்குங்க டீச்சர்.”

இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை.

“முன்னால ஈசிஜி எடுக்கையில நெஞ்சுல ரப்பர் குமிழு ஒட்டுவோம். முடி உள்ள ஆம்பளைக்கு நிக்கவே நிக்காது. ஜெல்லி தடவுனா நிக்கும். நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. வாசலின் தடவுனேன்.”

இது முன்னாடியே தோன்றியிருக்கக் கூடாதா என்றேன். மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் தினமும் பழகினார். அநேகமாக அத்தனை நாளும் நான் கூட உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வலது கையால் இடது கையைத் தூக்கி, உள்ளும் புறமும் பார்த்துவிட்டு இறக்கி வைப்பார். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். உணர்ச்சியே இல்லாத கையில் வலி ஏது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வினோலியா வந்தாள். காலிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். “ஆண்ட்டி, நீங்களும் வாங்க. போன் பண்ணினது நீங்கதானே, நீங்கதான் ஜட்ஜ்” என்று என்னையும் மேலே உட்கார வைத்தாள். பெட்டி கதவோரம் நின்றது. ஏன்தான் போன் போட்டேனோ என்றிருந்தது.

சிஸ்டர் அரிசியைக் குக்கரில் போட்டார். வெங்காயத்தை டப்பாவில் போட்டுக் குத்தினார். கையைத் தூக்கிப் பார்த்தார். பீன்ஸைக் குத்தினார். கையைப் பார்த்தார். தேங்காய் பாதி துருவியபோது ரப்பர் விட்டுக்கொண்டது. துருவி சாய்ந்தது, மூடி தரையில் உருண்டது. வினோலியா எழுந்தாள்.

“உக்காரு மக்கா.”

உட்கார்ந்தாள். சிஸ்டர் சுவரைப் பிடித்துக் குனிந்து மூடியை எடுத்துக் கழுவினார். ரப்பரைத் துடைத்து மறுபடி வாசலின் தடவி, முழு எடையும் கொடுத்து அமுக்கினார். அதற்கே கால் மணி ஆனது. துருவி முடித்ததும் மறுபடி இடது கையைத் தூக்கினார். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

“மம்மி, எதுக்கு அடிக்கடி அப்படிப் பாக்குறீங்க? பெயினா?”

“வலியெல்லாம் இல்ல. வார்டுல ரவுண்ட்ஸ் போவோம்ல, அது மாதிரிதான். பேச முடியாத நோயாளி கூப்பிட மாட்டான், நாமதான் போயிப் பாக்கணும். ஜனவரியில நான் பாக்கல. அது என் தப்பு.”

வினோலியா எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சிஸ்டரும் பார்த்திருப்பார். ஆனால் குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது, அவர் அதைத்தான் கவனித்தார்.

ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டோம். புளி கொஞ்சம் தூக்கல். வழக்கமாகச் சொல்லியிருப்பேன், அன்றைக்குச் சொல்லவில்லை. வினோலியா இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டாள். பெட்டியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நாலு மணிக்கு அவள் கிளம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்போது சிஸ்டர் சொன்னார்.

“கட்டிலுக்கு அடியில அருவாமனை இருக்கு. எடுத்துட்டுப் போயிரு.”

“தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன். ஒரு நா கை சரியாயிரும்னு வச்சிருந்தேன்.”

வினோலியா உள்ளே போய், அதைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவின் துணிமணிக்காகக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள். அவள் இறங்கும்போது காலிப் பெட்டிக்குள் அது ஒவ்வொரு படிக்கும் இடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் கீழே போய் நிற்கும்வரை சிஸ்டர் கதவருகிலேயே நின்றார். பிறகு இடது கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.