அபிராமபுரம் டிக்கெட்

1. சிவப்பு விளக்கு

அபிராமபுரத்துப் புகார் வந்தபோது நான் மந்தைவெளியில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பாஸ்கர் போனில் பேசினார்.

"தாமு, அந்த வேலைய அப்பால பாத்துக்கலாம். அபிராமபுரத்துல ஒரு பெரியவரு கால் மேல கால் பண்ணிக்கினே கீறாரு. அழுவுற மாதிரி பேசுறாரு. போய் முடிச்சுட்டு டிக்கெட்ட குளோஸ் பண்ணிடு."

மோடம் கீச்சென்று கத்தி லைன் பிடித்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. என் முழங்கால் மட்டும் அதேதான். அன்றைக்கு வெயிலும் சேர்ந்து வாட்டியது. யார் அழுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. இதை முடித்துவிட்டு எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பழைய அடுக்குமாடி. தரைத்தளத்து வீடு. கேட்டிலேயே அவர் காத்திருந்தார். சேஷாத்ரி என்று புகார் டிக்கெட்டில் பெயர் இருந்தது. கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் சரியாக வராதாம், அதனால்தான் வெளியே நிற்கிறாராம்.

"நெட்டுக்கு வந்தவன்தானே நீ? உள்ள வா, சீக்கிரம் வா" என்றார்.

அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. எடுத்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "யெஸ் சார். டெக்னீஷியன் வந்துட்டான் சார். இப்போ ஆயிடும் சார். எங்கேயும் போகலை சார்."

எழுபதைத் தாண்டிய ஒருவர் போனில் யாரிடமோ இத்தனை 'சார்' போடுவதை நான் கேட்டதில்லை. ஏதோ பெரிய ஆபீஸ் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் இருந்த அறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. ஃபேன் ஓடவில்லை. அறை வாசலில் ஒரு தட்டில் சாதம் காய்ந்து கிடந்தது.

"ஃபேன் போட்டுக்கலாமா சார்?"

"வேண்டாம். சத்தம் வரப்டாதுன்னு சொல்லியிருக்கா."

"யாரு சார்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நீ லைனைப் பாரு."

ரவுட்டரில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. ஃபைபர் வழியாக வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். முதலில் ரவுட்டரின் பின்னால் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போங்கள். தெருக் கம்பத்தில் ஏறுவது கடைசி. நிறையப் பேர் முதலில் கம்பத்தில் ஏறிவிட்டு, கடைசியில் சோபாவுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் ஒயரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

2. வெட்டு

ஒயர் ஹால் சுவரோரமாகப் போய், சமையலறை வழியாகப் பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்துக்குப் போனது. சமையலறையில் அவருடைய மனைவி வைதேகி அம்மா நின்றிருந்தார். அடுப்பு எரியவில்லை. நான் நுழைந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒயர் இரண்டாகக் கிடந்தது. எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது ஒரே வெட்டு. திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நான்தாம்பா கத்தரிச்சேன்" என்றார், மிக மெதுவாக. "அவராண்ட சொல்லிடாதே."

"ஏம்மா?"

"ரெண்டு நாளா அந்த ரூமை விட்டு வெளில வரலை. கம்ப்யூட்டர்ல எவனோ போலீஸ் டிரெஸ் போட்டுண்டு உக்காந்துண்டிருக்கான். பாத்ரூம் போறதுக்குக்கூட அவனைக் கேட்டுண்டு போறார். நான் கிட்டப் போனா, போயிடு, உன்னையும் உள்ள தள்ளிடுவாங்கறார். என் போனையும் வாங்கி வெச்சுண்டுட்டார். இன்னிக்குக் கார்த்தால பாக்கறேன், பேங்க் டெபாசிட் பேப்பரெல்லாம் எடுத்து மேஜை மேல வெச்சிருக்கார். லைன் போனா எழுந்து வெளில வருவார்னு தோணித்து. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடியோ கால் போட்டு, உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல். யாருக்காவது போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை ஓடுமே, அதில் தினமும் கேட்டதுதான். அது எப்போது முடியும் என்று காத்திருந்திருக்கிறேனே தவிர, காது கொடுத்ததில்லை.

"என்னப்பா, ஆச்சா?" என்று அறையிலிருந்து அவர் குரல் வந்தது.

ஒயரை ஒட்டுகிற மெஷின் வண்டியில்தான் இருந்தது. சின்ன வேலை. ஒட்டிவிட்டு, டிக்கெட்டை மூடிவிட்டு, சாப்பிடப் போயிருக்கலாம். வாடிக்கையாளர் கேட்டதும் அதைத்தான். அவர்கள் குடும்ப விஷயத்தில் நான் யார்? உண்மையைச் சொன்னால், அப்படியே செய்துவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. அந்த அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குப் போனேன். "சார், லைன் கட் ஆயிருக்கு. ஜாயின்ட் போடற மெஷின் வரணும். நாளைக்குத்தான் ஆகும்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு முடியாதுப்பா. நான் தப்பிச்சுக்கப் பாக்கறேன்னு நினைச்சுப்பா. வந்து அழைச்சுண்டு போயிடுவா. தெருவே பாக்கும்."

"நிஜமான போலீசா இருந்தா நேர்லயே வரட்டும் சார். அவங்க வர்ற வரைக்கும் நானும் இங்கயே இருக்கேன்."

"உனக்குத் தெரியாது. பேப்பர்ல வரதெல்லாம் நானும் படிச்சிருக்கேன். அது வேற. இது நிஜம். என் ஆதார் நம்பர் அவா கையில இருக்கு. என் பேர்ல ஒரு பார்சல், அதுல போதை மருந்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ரவுட்டர் வேலை செய்யாததால் போனை ஜன்னல் கம்பி ஓரமாக வைத்திருந்தார். அங்கே மட்டும் கொஞ்சம் சிக்னல் எட்டியது. அது ஒலிக்க ஆரம்பித்தது. அவர் எடுக்கப் போனார்.

"எடுக்காதேங்கோ." வைதேகி அம்மா அறைக்குள் வந்துவிட்டார். "ஒயரை நான்தான் கத்தரிச்சேன். அழைச்சுண்டு போறதுன்னா என்னை அழைச்சுண்டு போகட்டும்."

அவர் திரும்பினார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு நாளா நீங்க சாப்பிடலை. தூங்கலை. என்னோட ஒரு வார்த்தை பேசலை. முகம் தெரியாதவனை சார் சார்ங்கறேள். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருந்துது. கேஸ் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேருமா போய் என்னன்னு கேப்போம்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். போன் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் அவர் சட்டைக்கைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "கொஞ்சம் குடிக்கத் தீர்த்தம் குடு" என்றார்.

3. மறுநாள்

அன்றைக்கே மூன்று பேரும் ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் காவலர் போனில் வந்திருந்த 'கைது உத்தரவை'ப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார். உங்கள மாதிரி நெறைய பேரு வர்றாங்க" என்றார். அதைக் கேட்டு சேஷாத்ரி சாருக்கு ஆறுதலா அவமானமா என்று எனக்குப் புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். முதல் நாளே கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறார். அது திரும்பி வரவில்லை. டெபாசிட் தப்பித்தது.

பாஸ்கர் கூப்பிட்டார். "இன்னா தாமு, டிக்கெட் இன்னும் ஓபன்லயே கீது? மேல கேக்குறாங்கப்பா."

நடந்ததைச் சொன்னேன். "சரி, இருக்கட்டும். எங்கம்மாவும் ஊர்ல தனியாத்தான் கீது. நான் அதுக்கு ஒரு போன் போடுறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் மெஷினோடு போனேன். வைதேகி அம்மா கதவைத் திறந்து உதட்டில் விரல் வைத்தார். ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாய் விரித்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுந்தப்புறம் அவரையே கேட்டுட்டுப் போடுப்பா. வேணுமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். வேறு புகார்கள் காத்திருந்தன. எழுந்து போக முடியவில்லை. இரண்டு நாள் களைப்பு எனக்கும் இருந்தது போல அப்படியே சாய்ந்துவிட்டேன். யாரோ தோளைத் தொட்டார்கள். சேஷாத்ரி சார் பனியனோடு நின்றிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார். பிறகு, "லைனைச் சேத்துடு. பாஸ்டன்ல இருக்கற பொண்ணோட பேசணும். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றார்.

ஒட்டிக் கொடுத்தேன். பச்சை விளக்கு வந்தது. அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்த அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். திரையில் மகள் வந்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

டிக்கெட்டை மூட வாடிக்கையாளரின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். பேச்சு முடியும்வரை கேட்டில் நின்றேன். நேரம் பிடித்தது.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், பையைத் திறப்பதற்கு முன்னால், "லைன் போனப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்கிறேன். பழுது பார்க்கவும் உதவுகிற கேள்விதான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பெரும்பாலும் சீரியல், கிரிக்கெட், பிள்ளையின் பரீட்சை என்பார்கள். இருந்தாலும் பதில் வரும்வரை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.