ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

மூன்று வருடங்களுக்கு முன்னால், குற்றாலத்தில் சாரல் பிடித்துச் சீசன் களைகட்டியிருந்த நேரம். ஐந்தருவிப் பக்கம், முன்பின் தெரியாத ஒரு ஆளின் பின்னாலேயே நான் நடந்து போனேன். அப்போது எனக்கு ஐந்து மாதம். எதற்காகப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது ஆய்க்குடிப் பக்கம், வாக்கப்பட்டது தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தால், சமைக்கத் தெரியுமா என்று கேட்க மறந்தாலும் மறப்பார்கள், "பொண்ணு பீடி சுத்துமா?" என்று கேட்க மறக்க மாட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள். இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, அதில் புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். அதை டிவியைப் பார்த்துக்கொண்டே செய்வோம். கை தானாகப் போகும்.

தூள் தட்டு எப்போதும் மடியில்தான் இருக்கும். பிள்ளை பால் குடிப்பதும் அதே மடியில்தான். தூள் பறக்கும், தும்முவோம், பழகிவிடும். விரல் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். அந்தக் கையை லேசாக நனைத்துவிட்டுச் சோற்றைப் பிசைவோம். ஆனால் ஒன்று, பீடியை வாயில் வைத்த பெண் எங்கள் தெருவில் ஒருத்தி கிடையாது. அப்படி யாராவது வைத்தால் குடும்ப மானமே போயிற்று என்று தெருவே கூடிவிடும்.

தூளும் இலையும் நிறுத்துக் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. தூள் கிடைக்காது, சுற்றும் வேலையும் இருக்காது. அன்றைக்கு மத்தியானம் ஆனால், பிறந்த ஊரானாலும் வாக்கப்பட்ட ஊரானாலும், தெருவில் பாதிப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எண்ணெய் தேய்த்துக் குளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்பாள், இன்னொருத்தி வெயில் என்பாள். பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை தீர்ந்துபோகும். "நமக்குச் சும்மா இருந்தா ஒடம்புக்கு ஆவாதுட்டி" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். நாங்களும், அவ்வளவு பெரிய உழைப்பாளிகள் நாம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

கல்யாணமாகி நாலு வருடம் கழித்து உண்டானேன். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை வீடே என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தது. ஐந்தாம் மாதம் பிறந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், தட்டைப் பிடுங்கி மேலே வைத்துவிட்டார்.

"குனிஞ்சு குனிஞ்சு உக்காந்தா வயித்துப் பிள்ள நசுங்கிப் போவும்ட்டி. பெத்து எந்திரிக்கிற வரைக்கும் இதத் தொடாத" என்றார்.

அத்தையும் என் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக் கூட்டத்தோடு போய் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார்கள். வீட்டில் தூளே இல்லாமல் ஆயிற்று.

அதிலிருந்து நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது, என்னைப் பிடித்தது சனியன். தலையைப் பிளக்கும் வலி. யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். டீயில் சீனி குறைந்ததற்கு வீட்டுக்காரரிடம் நான் கத்திய கத்தலில் அவர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கை ஒரு இடத்தில் நிற்காது. சேலைத் தலைப்பைச் சுருட்டுவேன், காலண்டர் தாளைக் கிழித்துச் சுருட்டுவேன். ஏதோ ஒன்று வேண்டும், அது என்னவென்றுதான் தெரியவில்லை. வாய்க்கு எட்டாத ருசி மாதிரி அது உள்ளேயே கிடந்து பிராண்டியது.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். மசக்கை! மாசமான பெண் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாங்காய் வந்தது, நெல்லிக்காய் வந்தது, புளிப்பு மிட்டாய் வந்தது. எதைக் கடித்தாலும் இதில்லை, இதில்லை என்றது நாக்கு. கடைசியில் வீட்டுக்காரர், சாரல் காற்று பட்டால் சரியாகும், பிடித்ததை வாங்கிக் கொடுக்கலாம் என்று எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்.

ஐந்தருவிக் கடைத்தெருவில் மங்குஸ்தான் பழம் உரித்து வாயில் வைத்தார்கள். சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ், அப்புறம் புரோட்டாவும் சால்னாவும். எல்லாவற்றையும் ஒரு வாய் தின்று ஒதுக்கினேன். மற்றவர்கள் குளிக்கப் போக, நாத்தனாரைத் துணைக்கு வைத்து என்னை ஒரு மரத்தடியில் உட்கார்த்தினார்கள். அவள் மாற்றுத் துணி இருந்த பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போது குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒருவர் எங்களைக் கடந்து போனார். கையில் பீடி.

அந்தப் புகை மூக்கில் ஏறியதும் தலைக்குள் இருந்த இறுக்கம் சட்டென்று தளர்ந்தது. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. அவர் நடக்க நடக்க அந்தப் புகைக்குள்ளேயே நானும் நடந்தேன், நாய்க்குட்டி மாதிரி. இப்போது எழுதும்போதும் கூசுகிறது. கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பதறிப்போய்ப் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"மன்னிச்சிருங்கம்மா, பின்னால வருதது தெரியல. வயித்துல பிள்ள இருக்கையில இந்தப் பொக ஆவாது. நீங்க முன்னால போங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார்.

அணைந்த அந்தத் துண்டுப் பீடியைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஏன் அணைத்தீர்கள் என்று கேட்காத குறைதான்.

நாத்தனார் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சுதான். "மதினிக்கு மங்குஸ்தான் வேண்டாமாம், பிள்ள பீடி கேக்குதாம்!" வீட்டுக்காரர் வண்டியை ஓட்ட முடியாமல் சிரித்தார். அத்தை மட்டும் யோசித்தார். வீட்டுக்கு வந்ததும் மேலே வைத்த தட்டை இறக்கி, தூளும் இலையும் வாங்கிவந்து, நான் குனியக் கூடாது என்று முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து, என் மடியில் வைத்தார். "கொஞ்சம் சுத்து, பிள்ளைக்கு ஆச தீரட்டும்."

தூளுக்குள் விரலை விட்டதும் வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! தலைவலி போன இடம் தெரியவில்லை. அன்று வயிறாரச் சாப்பிட்டேன். என் முகம் தெளிந்ததைப் பார்த்து அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார். அன்று முதல் தினமும் அந்தச் சேவகம் நடந்தது. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாசத்தோடுதான் விஷத்தையும் மடியில் வைத்தோம்.

ஏழாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது பிள்ளைக்கு எடை போதவில்லை என்றார்கள். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவள் நான். அந்த நேரம் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மூக்கைச் சுளித்தார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, "ஏம்மா, மேலெல்லாம் பொகையில வாடை அடிக்குது. பீடி குடிப்பியா? இப்படி இருந்தா பிள்ள எப்படித் தேறும்?" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தை என்னைவிட மேலே போனார். "யாரப் பாத்து என்ன கேக்குதீங்க? எங்க வீட்டுப் பொம்பளைய பீடி சுத்துவாளுவ, குடிக்க மாட்டாளுவ!" என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்த டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டார். எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். நிறுத்தியது, தலைவலி, குற்றாலம், தலையணை, எல்லாம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"குடிச்சாத்தான்னு இல்லம்மா. தூள் கை வழியா ஏறும், மூச்சு வழியா ஏறும். சின்ன வயசுலேருந்து ஏறி, உங்க ஒடம்பு அதுக்குப் பழகிருச்சு. நிறுத்துனதும் கேட்டது பிள்ள இல்ல, உங்க ரத்தம். பிள்ள எடைக்கு இதுவும் காரணமா இருக்கலாம்" என்றார்.

பீடியை வாயில் வைத்தே அறியாத எனக்குப் பீடிப் பழக்கம்! அவமானமா, கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பீடிக் கட்டின் மேல் புண்ணாய்ப் போன வாயைப் படம் போட்டு எச்சரிக்கிறார்களே, அது வாங்குகிறவனுக்கு. எங்கள் வீட்டுக்கு வருகிற தூள் பையில் ஒரு வரி எழுதியிருந்ததா? தூளை நிறுத்துக் கொடுக்கும்போது, இலையில் நஷ்டம் வந்தால் கத்துகிறார்களே, கையைக் கழுவு என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு நாளாவது சொன்னதுண்டா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லோரிடமும் அதைத்தான் கேட்டேன். பீடிக்கடைக்காரரிடமே போய்க் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "காலங்காலமா பொம்பளைய சுத்துதாவ, ஒனக்கு மட்டும் புதுசா வந்துட்டோ?" என்றார்.

அன்றே தட்டை வெளியே தள்ளினேன். பழைய தலைவலி, எரிச்சல், கையின் பரபரப்பு எல்லாம் திரும்பி வந்தன. ஆசையை அடக்கத் தெரியாதா, மனசு வைத்தால் முடியாதா என்று சொல்கிற பேர்வழிகளை அந்த நாட்களில் என் முன்னால் நிறுத்தியிருந்தால் நடப்பதே வேறு. மனசு எங்கே இருந்தது, உடம்புதானே நாள் முழுக்கப் பிடித்து இழுத்தது? அத்தைக்கோ மனசே ஆறவில்லை. "காதுல சீழ் வடியும்ட்டி, கொஞ்சமாச்சும் சுத்து" என்று கெஞ்சுவார். "வடிஞ்சா நான் தொடச்சுக்கிடுதேன், எனக்குப் பிள்ள வேணும்" என்று நானும் அழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். தெருவில் எதிர் வீட்டிலும் ஒரு துண்டு, அடுத்த வீட்டிலும் ஒரு துண்டு. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றிவிட்டது. தலையிலிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ எனக்கும் இதானாட்டி? இத்தன வருசமும் இதானா?" என்று கேட்டார்.

அத்தைக்கும் தங்காமல் போன பிள்ளைகள் உண்டு. அவற்றை அவர் விரல் மடக்கி நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. அதற்கெல்லாம் இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சீழைப் பற்றிப் பேசவே இல்லை.

என் மகள் கொஞ்சம் எடை குறைவாகப் பிறந்தாலும் நன்றாகத் தேறிவிட்டாள். காதில் சீழ் வடியவில்லை. நான் இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். நாத்தனார் இன்னும் சுற்றுகிறாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு. வேறு வேலை கிடைத்தால் அவளும் விட்டுவிடுவாள். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை இன்றும் தீர்ந்துபோகிறது.

பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் இப்போதும் ஒரு நொடி என் கால் நின்றுவிடும், அப்போதெல்லாம் குற்றாலத்தில் பார்த்த அந்த ஈரத் துண்டு மனிதர்தான் நினைவுக்கு வருவார். முன்பின் தெரியாத அவருக்கு என் வயிற்றைப் பார்த்ததும் பீடியைக் கீழே போடத் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக எங்கள் மடியில் தூளைக் கொட்டிக் கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.