பிடிமண் கொண்டுவந்தவர்

கல்யாணமாகி நான் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து செம்பவாங் வந்தது ஐம்பதுகளின் நடுவில். என் கணவர் சிங்கப்பூரிலேயே பிறந்தவர், கடற்படைத் தளத்தில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் என் ஊர்க்காரர் ஒருவரும் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, பின்னால மரத்தடியில ஒருத்தரு தகரக் கொட்டாய் போட்டு சாமி வச்சிருக்காருல்ல, அது ஒங்க ஊரு அம்மனாம். அங்கேருந்து பிடிமண் கொண்டாந்திருக்காராம்.”

எங்கள் ஊரோ சின்னது. வேறிடத்தில் கோயில் வைக்க அம்மன் கோயிலில் ஒரு பிடி மண் எடுப்பதென்றால் ஊரே கூடிச் சம்மதிக்க வேண்டும். அப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. கப்பல்களில் துரு சுரண்டும் வேலையாம். நான்கு கைகளோடு ஓர் அம்மன் படம் மாட்டி, கீழே மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஊர்ப் பேரைச் சரியாகச் சொன்னார். வேப்பமரம், குளம், ஆடி மாதத்து மேளம் எல்லாம் சரி. எந்தத் தெரு என்று கேட்டேன். “ஜப்பான் சண்டைக்கு முந்தியே வந்துட்டேம்மா, எல்லாம் மறந்துபோச்சு” என்று கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வேப்பமரம் நினைவிருக்கிறது, தெரு மறந்துவிட்டதா?

“ஆளு சரியில்ல” என்றேன் வீட்டில். “ஒனக்கு யாரத்தான் பிடிச்சிருக்கு?” என்றார் கணவர்.

அடுத்த வாரம் கூட்டம் வருமுன்பே போனேன்.

“அண்ணே, நம்ம ஊரு அம்மனுக்கு எத்தன கை?”

அவர் படத்தைப் பார்த்தார். “நாலு.”

“அங்க படமும் இல்ல, செலையும் இல்ல. நீங்க அந்த ஊரே இல்ல.”

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, அவர் மெதுவாகச் சொன்னார்: “ஊரு அதுதாம்மா. நாங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கள உள்ள விடமாட்டாங்க. கதவு தொறந்தா வெளக்கு மட்டும் தெரியும்.”

“அப்ப இந்த மண்ணு?”

“வாய்க்கா கரையில எடுத்தது. எங்காத்தா விழுந்து கும்பிட்ட எடம்.”

நான் கிளம்பத் திரும்பியபோது அவரே கேட்டார்.

“நீ உள்ள போயிருக்கியாம்மா? அம்மன் எப்படி இருக்கும்?”

“கல்லுண்ணே. இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கல்லு. மொகம், கை ஒண்ணும் கெடயாது. மஞ்சப் பூசியிருப்பாங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துவந்த அதே பார்வை.

“வெறும் கல்லா? அதுக்கா எங்கள அம்புட்டுத் தூரத்துல நிறுத்தி வச்சாங்க?”

“சத்தியமாண்ணே.”

“சரிம்மா” என்றார். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. உள்ளே இருப்பதை இங்கேயும் மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் சொன்னேன். கணவர் “வெளிய சொல்லாத” என்றார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்து போனேன். கையில் குங்குமம் வைக்கும்போதெல்லாம் என் முகத்தை ஒரு கணம் துருவிப் பார்ப்பார்.

அறுபதுகளில் நாங்கள் தேக்கா பக்கம் குடிமாறினோம். விடைபெறப் போனேன். நாலு கை அம்மன் படத்துக்குப் புதுக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.