மாமனாரின் பொன்விளிம்புத் தட்டுகள்

என் மாமனார் ஒரு தட்டைக் கையில் எடுக்கும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, சட்டையில்லாமல் கண்ணாடி அலமாரி முன் நிற்பார். உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நீலக் கரையும் பொன் விளிம்பும் போட்ட அந்தப் பழைய இங்கிலீஷ் பீங்கான் தட்டை, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல வாங்குவார். அடியில் இருக்கும் கிரீட முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ரசனையுள்ள மனிதர் என்று கள்ளக்குறிச்சியில் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் மூன்று வருடம் மருமகளாக இருந்தவள் நான். எனக்கு அவரைப் பற்றி வேறொரு சொல் தெரியும். அதை அச்சில் எழுத முடியாது.

அவருக்குக் கடுக்காய் மண்டி இருந்தது. கொள்முதலுக்காகக் கல்வராயன் மலைக்கு ஜீப்பில் போய்வருவார். சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு கிளம்பியபோது, சமையல்காரர்களுக்கும் காவல்காரர்களுக்கும் விட்டுப்போன சாமான்கள் கல்வராயன் மலை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தன. அவற்றை வீடுவீடாகத் தேடி எடுப்பதுதான் அவருடைய பித்து. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குடிசையில் உப்புப் பானைக்கு மூடியாகக் கிடந்த தட்டை, ஒரு அலுமினியக் குண்டானைக் கொடுத்துவிட்டு எடுத்துவந்தார். “உப்ப மூடி வச்சிக்கினு இருந்தான். அவனுக்கு இன்னா தெரியும்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பொங்கலன்று அந்தத் தட்டுகளில்தான் அவரும் அவருடைய நண்பர்களும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவார்கள்.

எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. நானும் அவர் மகனும் எலவனாசூர்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றோம். ஊர் பேசும் என்பதற்காக மாமனார் உள்ளே விட்டார். அது சுத்த சைவக் குடும்பம். என் பிறந்த வீடு திருக்கோவிலூர். ஆற்று மீன் இல்லாத வாரம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் எனக்குச் சமையலறைக்குள் அனுமதி இல்லை. என் தட்டும் டம்ளரும் கிணற்றடியில் தனியாக இருந்தன. அலமாரியை நான் துடைக்கப் போனபோது, “மீன் தின்ன கை அது. அதும்மேல படக் கூடாது” என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஐந்தாம் மாதம். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் துவண்டு கிடந்தேன். அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். வாசல்படி ஏறுவதற்குள் மாமனாருக்கு வாசனை எட்டிவிட்டது. “இன்னாம்மா இது? எங்க வூட்டுக்கு இத்த எடுத்துக்கினு வந்துருக்கீங்க?” என்றார். அம்மா, “புள்ளத்தாச்சிங்க, ஆசப்படுவாளேன்னு...” என்று இழுத்தாள். தூக்கை அவள் கையிலிருந்து வாங்கி, தென்னை மரத்தடியில் தன் கையாலேயே கொட்டினார். அம்மா காலித் தூக்கை முந்தானையால் துடைத்து மூடினாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பழைய பொருட்களில் விவரமுள்ள ஒருவர் சென்னையிலிருந்து அலமாரியைப் பார்க்க வந்தார். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்னால் இருந்த அவருடைய விரல்களின் நிழல் தட்டுக்குள் தெரிந்தது. நகத்தால் சுண்டினார்; மணிபோல ஒலித்தது. “அசல் எலும்புப் பீங்கான் சார். மாட்டெலும்பச் சுட்டுச் சாம்பலாக்கி, மண்ணோட பாதிக்குப் பாதி கலந்தாத்தான் இந்தப் பளபளப்பு வரும்” என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் கறுக்கும், தட்டைக் கீழே வைப்பார், தலை முழுகப் போவார் என்று காத்திருந்தேன். அவர் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர் போனதும் கேட்டேன். “மாமா, அவரு சொன்னது கேட்டுச்சிங்களா?”

“கேட்டுச்சி. எனுக்கு ரொம்ப வருசமா தெரியும்.”

“அப்ப எங்கம்மா கொண்டாந்தத ஏன் கொட்டுனீங்க?”

“அது வேற. இது வெள்ளைக்காரன் வூட்டுப் பொருளு” என்றார், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல.

அவர் நம்பிக்கைக்காகக் கொட்டியிருந்தால் ஒருவேளை என்றாவது மன்னித்திருப்பேன். அவரிடம் இருந்தது நம்பிக்கை இல்லை. யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு. வெள்ளைக்காரன் தின்ற தட்டு அவருக்குச் சாமி. என் அம்மா ஆக்கிய சோறு சாக்கடை.

மறுநாள் சந்தையில் கருவாடு வாங்கிவந்தேன். பின்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துக் குழம்பு கூட்டினேன். அலமாரியைத் திறந்து பொன்விளிம்புத் தட்டு ஒன்றை எடுத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டு கூடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஏழு மாத வயிற்றோடு தரையில் உட்காரவே நேரமாயிற்று. கணவர் எழுந்து வெளியே போனார். மாமனார் என் கையையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். கத்துவார், வீட்டைவிட்டுப் போ என்பார் என்று நினைத்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

“அழுத்தித் தேய்க்காத. ஓரத்துல பொன்னு போயிடும்.”

கிணற்றடிக்குப் போனேன். பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சாம்பலை ஒரு கை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரை எடுத்து, விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்த்தேன்.