இடப்பக்கம் பெட்டி, வலப்பக்கம் பூ

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் முருகன் வாக்குக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து என் கை சப் ஊஃபர் பெட்டியின் குமிழின் மேல் இருந்தது. அதுதான் வம்பாகிவிட்டது.

ஹோம் தியேட்டர் வாங்கிய கதையை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வாங்கிவிட்டேன், சரி. ஆனால் சப் ஊஃபரில் வருகிற 'தும் தும்' என்ற பேஸ் சத்தம் மட்டும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரியே இருந்தது. நான் எட்டாவது படித்த கட்டிங் மாஸ்டர். பனியன் துணியைத் தொட்டால் அது எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவேன். பேஸை எங்கே தொடுவது?

எதிர்வீட்டு அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்காரர், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷினுக்கு மெக்கானிக். அவர் போகும் சர்ச்சில் ஸ்பீக்கர் வேலையும் அவருடையதுதான். சப் ஊஃபர் பெட்டியை நான் உட்காருகிற சோபாவில் தூக்கி வைத்தார். பாட்டைப் போட்டார். சுவர் ஓரமாக என்னைத் தவழ்ந்து போகச் சொன்னார். எந்த இடத்தில் பேஸ் அளவாக, அழகாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட வேண்டுமாம்.

"அண்ணாச்சி, சவுண்டு பார்க்கக் காது மட்டும் பத்தாது, முட்டியும் வேணும்" என்றார்.

தவழ்ந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு... டி.வி. ஸ்டாண்டைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டிப் போனால், பனியன் கம்பெனியிலிருந்து வந்த என் மனைவி சரசு வாசலில் நிற்கிறாள்.

"ஏனுங்க, இது எந்தச் சாமிக்கு வேண்டுதல்? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

அளவான பேஸ் கிடைத்த இடம் எது தெரியுமா? பூஜை அலமாரிக்குக் கீழே. முருகன் படத்தின் இடது தோளுக்கு நேர் கீழே. பெட்டி அங்கே குடியேறியது.

இப்போது சரசு விஷயம். பன்னிரண்டு வருஷமாகக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அடுத்தவர் தைத்ததில் பிழை பார்த்தது போதும், அருள்புரத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறது, நாலு தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க்கை நாமே எடுக்கலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம். மாசச் சம்பளத்தை விட்டுவிட்டு யாராவது ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குவார்களா? கடைசியில், பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதற்கும் அப்படித்தான். சாமியின் இரண்டு தோளிலும் பூவை வைத்துக் கும்பிட்டுக் காத்திருப்போம். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால், வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, இரண்டு அரளிப்பூவை ஈரச் சந்தனத்தில் ஒட்டி வைத்தாள். என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் பொங்கல் கிண்டப் போனாள். பூக் கேட்டவர் சாமியை முறைத்துக்கொண்டே நிற்கக் கூடாதாம்.

நான் பக்தியோடுதான் முருகன் பாட்டைப் போட்டேன். சத்தியமாக. பாட்டில் பம்பை அடித்தார்கள். கை சும்மா இருக்குமா? கிராஸ் ஓவர் என்று ஒரு குமிழ், அதை ஒரு திருகு... பேஸ் குமிழை அரைத் திருகு... பம்பை நெஞ்சில் வந்து இடித்தது. ஆகா! அலமாரிக் கண்ணாடி கிர்ரென்றது.

வலப்பக்கப் பூ உதிர்ந்தது.

கரண்டியோடு ஓடிவந்த சரசு அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர். தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் குமிழை மெல்லப் பழைய இடத்துக்கே திருப்பினேன். சாமி போட்டதா, நான் திருகியதா? மத்தியானம் வரைதான் தாங்க முடிந்தது. பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேட்போம், இந்த முறை பெட்டியை அணைத்துவிட்டு, என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அலமாரியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"காலையில நீங்க என்ன கும்பிட்டீங்க? நெசத்தைச் சொல்லுங்க."

மாட்டிக்கொண்டேன். இடப்பக்கம் விழணும் என்றுதான் கும்பிட்டேன் என்றேன்.

சரசு சிரித்தாள் பாருங்கள்... பன்னிரண்டு வருஷத்துச் சிரிப்பை மொத்தமாகச் சிரித்தாள்.

"அப்புறம் என்னங்க? பெட்டிய உங்க பக்கம் வெச்சுட்டு, பூவை எம் பக்கம் போட்டிருக்குது சாமி. இன்னொருக்கா கேட்டா அதுக்கே கோவம் வரும்."

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாருமே என்னை மாதிரித்தான். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறோம் என்று நினைப்பு. ஒரு கை எங்கேயாவது ஒரு குமிழின் மேல்தான் இருக்கிறது. அதையும் மீறி முருகன் போட வேண்டிய பூவைப் போடுகிறார்.

நேற்று ஷெட்டில் பூஜை. நாலு மிஷினுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பெட்டியை நானே சுமந்துபோய் வைத்தேன். அந்தோணி அண்ணன் வயர் மாட்டிப் பாட்டைப் போட்டார். முதல் மிஷினில் உட்கார்ந்திருந்த சரசு திரும்பி, சத்தம் பத்தலை, குமிழைத் திருப்புங்க என்றாள்.

வலப்பக்கமாகத் திருப்பினேன்... கடைசி வரைக்கும்!