தரையில் விரித்த வரைபடம்

"என் சமையலறை மஞ்சள், என் ஹால் நீலம். நான் எந்தக் கலர்ல உக்காந்து சாப்பிடணும்னு சொல்லுங்கம்மா."

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் எழுந்து நின்று இப்படிக் கேட்டதும் கூடமே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. மைக் என் கையில் இருந்தது.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எந்த நிலத்தில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று வகுத்துத் தரும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. வரைபடத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் வணிகம், பச்சை என்றால் கட்டடமே கூடாது. நான் அங்கே நகரத் திட்டமிடுநராகச் சேர்வதற்கு முன்பே வரைவுப் படம் தயாராகிவிட்டது. சாலையின் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே அகலத்துக்கு நீலப் பட்டை, அதற்கு அப்பால் எல்லாம் மஞ்சள். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடுகிற கோடு. வழியில் யார் வீடு, யார் கடை, எங்கே சுவர் என்று அதற்குத் தெரியாது.

"இன்னா மேடம், எங்க வூட்டு மேல கோடு போட்டுக்கினு அப்புறம் எங்களையே கருத்து கேக்கறீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அதற்குப் பிறகு யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. என் மேலதிகாரி என் பக்கம் குனிந்து, "எல்லாத்தையும் நோட் பண்ணிக்கறோம்னு சொல்லி முடிச்சிடுங்க" என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை. "டீச்சர், நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன். அந்தக் கோடு எங்க விழுதுன்னு நாம சேர்ந்து பாப்போம்" என்றேன். சார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குரோம்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு அது. மறுநாள் காலை கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டு ஹாலில் மெதுவாக நடந்தேன். கோடு, பைபிள் வைத்திருந்த அலமாரியின் ஓரமாக நுழைந்து, சாப்பாட்டு மேஜையைத் தாண்டி, சமையலறை வாசலில் வெளியேறியது. டீச்சர் பின்னாலேயே வந்து பார்த்தார்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்மா. நிஜமாவே மேஜை மேலதான் போகுதா?"

மாடிக்கு அழைத்துப் போனார். மேற்கே திருநீர்மலை தெரிந்தது. பக்கத்தில் ஒரு காலி மனை. அதைக் காட்டி, "இது நீலம்னு ஆயிட்டா இங்க அடுக்குமாடி காம்ப்ளெக்ஸ் வந்துடும். அப்புறம் எனக்கு மலையும் தெரியாது, காத்தும் வராது. பேரன் பேத்தி வந்தா தெருவுல விளையாட முடியாது. எனக்கு முழு மஞ்சள் வேணும்" என்றார்.

எதிர்வீட்டைப் பார்த்தேன். கீழே கார் சீட் கவர் தைக்கும் பட்டறை, மேலே குடித்தனம். "அவரும் மஞ்சள்தான் கேப்பாரா?" என்றேன்.

டீச்சர் முகம் மாறியது. "அவர் கூட எனக்குப் பேச்சு கிடையாது. அந்த கம்ப்ரஸர் சத்தத்துக்குப் புகார் கொடுத்ததுலேர்ந்து."

பட்டறைக்குப் போனேன். தெருவில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய இரண்டு தம்பிகளும் ஒரு பெரிய காரின் இருக்கைகளைக் கழற்றிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தைக் காட்டினேன். நெடுஞ்சாலை அங்கே வளைவதால் கோடும் சற்று வளைந்து அவர் வீட்டை முழுதாக மஞ்சளில் விட்டிருந்தது.

"மஞ்சள்னா?"

"இந்தப் படம் அப்படியே உறுதியாயிட்டா, பட்டறைக்கு அடுத்த முறை லைசென்ஸ் கிடைக்கறது கஷ்டம் பாய்."

மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "பேஜாரா கீதேம்மா இது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இங்கதான் கீறோம். எனக்கு நீலம் போட்டுக் குடு."

"எதிர்ல டீச்சருக்கு மஞ்சள் வேணுமாம்."

"அவங்களுக்கு நான் இந்தத் தெருவுலயே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார்.

அந்த வாரம் முழுவதும் தெருத் தெருவாக நடந்தேன். திண்டாட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கீழே தையல்கடை, மேலே வீடு. முன்பக்கம் மருந்துக்கடை, பின்பக்கம் வீடு. ஹாலில் பியூட்டி பார்லர், படுக்கையறையில் குடும்பம். எங்கள் வரைபடத்தில் இவர்களுக்கு ஒரு நிறம்கூட இல்லை. எனக்குக் கோபமாக வந்தது. ஐந்து வருடம் படித்து வாங்கிய பட்டத்தை இந்தத் தெருக்களில் வைத்துப் பார்த்தால் அதற்கு அர்த்தம் இருக்க வேண்டாமா?

சாரிடம் போய் நின்றேன். கெட்டவர் இல்லை அவர். நிறைய திட்டங்கள் குப்பைக்குப் போனதைப் பார்த்து அலுத்துப்போனவர்.

"வீடும் கடையும் ஒண்ணா இருக்கற கலப்புப் பயன்பாட்டுக்கு ஆரஞ்சு நிறம் சட்டத்துலயே இருக்கு சார். இந்தத் தெருக்களுக்கு அதைப் போடலாமே?"

"போடலாம். ஆனா பாதிப் பேர் மஞ்சள் கேப்பாங்க, பாதிப் பேர் நீலம் கேப்பாங்க. நாம ஆரஞ்சு போட்டா ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க. அந்தத் தெருக்காரங்க எல்லாரும் ஒரே முடிவு எடுத்துக்கிட்டு வரட்டும், படத்தை ஓகே பண்ற கமிட்டியில நானே பேசறேன்." நடக்காது என்ற நம்பிக்கையில் சொன்னார். நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வழக்கமான கூட்டம் போட்டால் வழக்கமான சண்டைதான் வரும். மைக்கைப் பிடிப்பவர் ஜெயிப்பார், மற்றவர்கள் எழுந்து போவார்கள். பேசுவதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது, கல்யாண மண்டப வாசலில் நாலு ஆள் சேர்ந்து ஒரு பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் அதன்மேலேயே செருப்பில்லாமல் நடந்து ஓரங்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து, அதை எங்கே அச்சடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு மனையும் தெரிகிற மாதிரி, ஒரு வீடு ஒருவர் நிற்கிற அளவுக்கு இருக்கும்படி, படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸில் அடித்தேன். எந்த நிறமும் இல்லாத வெறும் கோட்டுப்படம். டீச்சர் தன் சபையில் பேசி தேவாலயத்துக் கூடத்தை வாங்கிக் கொடுத்தார். நிறம் வைக்க ஏதாவது வேண்டுமே என்று பாயிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு கோணிப்பையை இழுத்து வந்தார். சீட் கவர் வெட்டியதில் மிஞ்சிய ரெக்ஸின் துண்டுகள். மஞ்சள், நீலம், ஆரஞ்சு, பச்சை.

"வேற கலர் வோணும்னாலும் சொல்லு. சிவப்புதான் ஜாஸ்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூடம் காலியானதும் தரையில் படத்தை விரித்தோம். முதலில் வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். "செருப்பைக் கழட்டிட்டு மேல வாங்க. அவங்கவங்க வீட்டுல போய் நில்லுங்க" என்றேன். ஒரு பெண்மணி தயங்கிக் கால் வைத்தார். மருந்துக்கடையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலால் எண்ணிக்கொண்டே நடந்து தன் வீட்டில் போய் நின்று, "ஐயோ, இதான் எங்க வீடு!" என்று கத்தினார். அவ்வளவுதான். கூடத்திலிருந்த எல்லோரும் படத்தில் இறங்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தத் திட்டக் கூட்டத்திலும் கேட்டதில்லை. "தள்ளுங்க, என் மனையில நிக்கறீங்க", "நீங்கதான் பக்கத்து வீடா? பின்பக்கச் சுவர் உங்களுதா?" என்று ஒரே ஆரவாரம். தெருவில் வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரும் பாயும் எதிரெதிரே, ஒரு தெருவின் அகலம் தள்ளி, அதாவது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்கள்.

"இப்ப உங்க வீட்டுல நிஜமா என்ன நடக்குதோ அந்தக் கலரை வைங்க. என்ன வேணும்னு அப்புறம் பேசலாம்" என்றேன்.

டீச்சர் மஞ்சள் துண்டை எடுத்துக் குனிந்தார். பாய் முதல்முறையாக வாயைத் திறந்தார். "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. காலைலயும் சாயங்காலமும் உங்க ஹால்ல ட்யூஷன் நடக்குதே. வாசல்ல சைக்கிள் நிக்க இடமில்ல. அது இன்னா கலரு?"

டீச்சர் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என் மேஜை மேல கோடு போனது சரியாத்தான் போயிருக்கு போல" என்று சொல்லி மஞ்சளைப் போட்டுவிட்டு ஆரஞ்சை எடுத்தார். பாயும் ஆரஞ்சை எடுத்தார். அதைப் பார்த்துத் தையல்கடைக்காரர் எடுத்தார், பார்லர் பெண் எடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு முழுவதும் ஆரஞ்சு பரவியது. நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் வரிசையில் மட்டும் நீலம். உள்ளே கடைசித் தெருக்களில் மஞ்சள்.

ஓரத்தில் நீளமாக ஓர் இடத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. வரைவில் அதுவும் நீலம்தான். "அது மழைத்தண்ணி ஏரிக்குப் போற வழி. யாருக்கும் சொந்தமில்ல, அங்க எதைக் கட்டினாலும் நாங்க எல்லாரும் முழுகிடுவோம்" என்றார் ஒருவர். ஆளாளுக்குப் பச்சைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் சார் உள்ளே வந்தார். பளபளக்கிற ஷூவோடு படத்தின் விளிம்பில் கால் வைத்தவரை டீச்சர் நிறுத்தினார். "சார், இது எங்க தெரு. ஷூவைக் கழட்டிட்டு வாங்க." அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு குனிந்து, கயிற்றை அவிழ்த்து, சாக்ஸோடு படத்துக்குள் நடந்தார். ஒவ்வொரு மனையாக நின்று விசாரித்தார். அவர் முகத்தில் இருந்த அலுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்ததை நான் பார்த்தேன்.

"ஆரஞ்சுன்னா எத்தனை மாடி?" என்று அவரே பேச்சை எடுத்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேரம். உயரத்துக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்றார் டீச்சர். காலி மனைக்காரர் இன்னும் ஒரு மாடி கேட்டார், கடைசியில் இறங்கி வந்தார். லாரி உள்ளே வரக்கூடாது என்று முடிவானது. சத்தம் போடும் இயந்திரங்கள் மூடிய அறைக்குள் இருக்க வேண்டும் என்று எழுதும்போது நான் பாயைப் பார்த்தேன். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில், தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி மறுபடி தொடர்ந்து வளர்ந்தவள் நான். சத்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

பாய் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "பின்னாடி ரூமுக்கு மாத்திடறேன். நீங்க அன்னிக்கு நேரா வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன்."

"நான் வந்திருக்கணும் பாய்" என்றார் டீச்சர்.

கமிட்டி கூடிய நாளில் அந்தத் தெருவே பஸ் ஏறி வந்துவிட்டது. ரெக்ஸின் துண்டுகள் வைத்த படத்தை மேலிருந்து புகைப்படம் எடுத்து, அதை அப்படியே முறையான வரைபடமாக மாற்றியிருந்தேன். "மற்ற இடங்களில் எல்லாம் ஒரே அகலத்துக்குப் பட்டை இருக்கிறதே, இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று தலைவர் கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள் சார் எழுந்தார்.

"அந்தப் பட்டையைப் போட்டவன் நான்தான். இதை இந்த அம்மாவும் அந்த மக்களும் சேர்ந்து போட்டாங்க. இதுதான் சரி. மத்த இடத்தையும் இப்படித்தான் மாத்தணும்."

ஆட்சேபம் இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர், பார்லர் பெண், காலி மனைக்காரர், பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் டீச்சரும் பாயும். ஒரு கைகூட எழவில்லை. படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று தலைவர் சொன்னதும் பாயின் தம்பி விசிலடித்தார். காவலர் முறைத்தார். அதற்குள் எல்லோரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.

வெளியே வராந்தாவில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டீச்சர் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். பாய் தன் வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி என்று அறிவித்தார். அப்போது கைபேசி அடித்தது. அஸ்தினாபுரத்திலிருந்து யாரோ ஒரு பெண் பேசினார்.

"மேடம், எங்க ஏரியாவும் அந்தப் படத்துல வருதாம். தரையில விரிச்சு நிக்க வைக்கறீங்களாமே? எங்க தெருவுல மண்டபம் இருக்கு, நாங்க எல்லாரும் ரெடி. எப்ப வரீங்க?"

பக்கத்தில் நின்றிருந்த சாருக்கும் அது கேட்டுவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க" என்றார். "நானும் வரேன்."